படமும் பொழிப்புரையும்

என் அண்ணா பெண் ஒரு சீட்டுக்கட்டு வைத்திருக்கிறாள். ரம்மி ஆடுகிற கட்டு அல்ல. டாரட் என்று மேல்நாட்டார் சொல்லுகிற ஆரூடச் சீட்டு. அதை ஊதாப் பட்டுத்துணியில் சுற்றி, மரப்பெட்டியில் இட்டு, பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறாள். அன்னியர் கை படக்கூடாதாம். பட்டால் கட்டின் சக்தி கலங்கிவிடுமாம். பௌர்ணமி இரவில் அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் நிலவில் வைத்து எடுக்கிறாள். மடி ஆசாரத்தையெல்லாம் கேலி செய்து வளர்ந்த பெண், ஒரு காகிதக் கட்டுக்கு இத்தனை மடி பார்ப்பதைக் கண்டு நான் உள்ளூரச் சிரித்ததுண்டு.

ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. எதிர் வீட்டு மாமி வந்தாள். வேலைக்கென்று கடல் தாண்டிப் போன பிள்ளையிடமிருந்து எட்டு மாதமாய் ஒரு வார்த்தை இல்லை. "ஏண்டி, அவன் வருவானா மாட்டானா? உன் சீட்டைத்தான் கேட்டுச் சொல்லேன்" என்றாள். பெண் கட்டைக் கலைத்து ஒரு சீட்டை எடுத்தாள். ஆறு வாள் வந்தது. கூடவே வைத்திருக்கும் சின்னப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீர்வழிப் பிரயாணம்னு போட்டிருக்கு மாமி. வந்துண்டே இருக்கான்னு அர்த்தம். ஆறு வாளாச்சே, ஆறு வாரம்னு வச்சுக்குங்கோ" என்றாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆறு வாரம் போயிற்று. ஏழும் எட்டும் போயின. பிள்ளை வரவில்லை. மாமியும் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

சீட்டு பலிக்குமா பலிக்காதா என்ற விசாரத்தில் நான் இறங்கப் போவதில்லை. நம்புகிறவரோடு வாதாடி ஜயித்தவன் கிடையாது. எனக்குப் பட்ட விஷயம் வேறு. அந்தப் பெண் செய்த தவறு சீட்டை நம்பியது அல்ல. சீட்டைப் பார்க்காமல் விட்டது. கையில் படம் இருக்க, கண் புஸ்தகத்தில் இருந்தது. பாட்டைப் படிக்காமல் பரீட்சை நோட்ஸைப் படிக்கிற பிள்ளைகள் செய்கிற தவறுதான் இது. ஆக, இது இலக்கியத் தவறு. இலக்கியத் தவறு என்றால் அதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். எனவே, அவள் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தக் கட்டை ஒரு நாவலைப் படிப்பதுபோல முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். எழுபத்தெட்டே ஏடுகள்.

முதலில் பிறந்த கதை. இந்தச் சீட்டுகள் எகிப்திலிருந்து வந்தவை, பண்டைய ரிஷிகளின் ஞானம் என்றெல்லாம் சொல்லுவார்கள். உண்மை அவ்வளவு கம்பீரமானதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில், 1440-ஐ ஒட்டி, வடஇத்தாலியப் பிரபுக்களின் வீடுகளில் பொழுதுபோக்குக்காக ஆடப்பட்ட ஆட்டம் இது. வாள், கிண்ணம், காசு, கோல் என்ற நான்கு இனத்தில் ஐம்பத்தாறு சீட்டு. அவற்றை வெட்டுவதற்கென்று இருபத்திரண்டு துருப்புச் சீட்டு. அவ்வளவுதான். பிரான்சில் இன்றும் அதைச் சாதாரண ஆட்டமாய் ஆடுகிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆடியான பிறகு, 1781-ல், கூர் த ஜெபெலென் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் இதை எகிப்தியரின் மறைநூல் என்று எழுதிவைத்தார். எகிப்திய எழுத்தை ஒருவரும் படிக்க முடியாதிருந்த காலம் அது. ஷாம்போலியோன் அதன் பூட்டைத் திறந்தது 1822-ல்தான். யாரும் மறுக்க முடியாத காலத்தில் சொன்ன பொய்க்கு ஆயுள் கெட்டி. எத்தேய்யா என்பவர் ஆரூடத்துக்கென்றே புஸ்தகம் எழுதினார். அவருடைய இயற்பெயர் அல்லியெத். எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிப் புனைபெயர் ஆக்கிக்கொண்டார். பெயரைத் திருப்பியவர் சீட்டையும் விடவில்லை. தலைகீழாக விழுந்தால் வேறு பலன் என்ற வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மைக்கேல் டம்மெட் என்ற ஆங்கிலத் தத்துவப் பேராசிரியர் 1980-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி நூல், இந்தக் கட்டு ஆட்டமாய்ப் பிறந்து ஆரூடமாய் மாறிய வரலாற்றைச் சந்தேகத்துக்கிடமில்லாமல் நிறுவிவிட்டது.

இதனால் சீட்டின் மதிப்புக் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நாவல்கூடப் பொழுதுபோக்காய்ப் பிறந்ததுதான்.

என் அண்ணா பெண்ணிடம் இருப்பது, உலகில் மிகப் பலர் கையில் இருப்பது, 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் என்ற கம்பெனி வெளியிட்ட கட்டின் வழி வந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது. மறைஞான சங்கங்களில் ஊறியவர், நிறையப் படித்தவர், நடை மட்டும் கனம். படங்களை வரைந்தவள் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். வெகு காலம் இந்தக் கட்டை ரைடர்–வெய்ட் என்றே சொல்லிவந்தார்கள். அச்சிட்டவர் பெயரும் திட்டமிட்டவர் பெயரும் நிலைத்தன. வரைந்தவளின் பெயர் விழுந்துபோயிற்று. ஆனால் சீட்டுகளின் மூலையைக் கவனித்துப் பார்த்தால், கொடிபோல் பின்னிய அவளுடைய பெயரெழுத்துகள் இருக்கும். பார்க்கிறவர்கள் குறைவு.

அவள் 1878-ல் லண்டனில், அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவள். சிறுவயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்தாள். அங்கே கேட்ட சிலந்திக் கதைகளை 1899-ல் தன் படங்களுடன் புஸ்தகமாய்ப் போட்டாள். நியூயார்க்கில் சித்திரம் கற்றாள். பிறகு எல்லன் டெர்ரி, ஹென்றி இர்விங் ஆகியோரின் நாடகக் குழுவோடு ஊர் ஊராய்ப் போனாள். உடை வரைந்தாள், மேடைக் காட்சி அமைத்தாள். கதை சொல்லவும் தெரியும், மேடையும் தெரியும். இந்த இரண்டும்தான் அந்தக் கட்டின் ரகசியம் என்பது என் கட்சி.

அவளுக்கு முந்திய சாதாரணக் கட்டுகளில் ஆறு வாள் என்றால் ஆறு வாள்தான் இருக்கும்; ஐந்து காசு என்றால் அழகாய் அடுக்கிய ஐந்து வட்டங்கள். கதை கிடையாது. பலன்களை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிவைத்திருந்தார்கள். ஐம்பத்தாறுக்கும் காட்சி வரைந்து, பெரும்பாலானவற்றில் மனிதர்களை நிறுத்தி, ஏதோ நடந்துகொண்டிருக்கும் நடுவில் நம்மைக் கொண்டுபோய் விட்டவள் பமேலாதான். அவளுக்கு முன்னோடி இல்லாமலில்லை. சோலா-புஸ்கா என்ற பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டில் சின்னச் சீட்டுகளுக்கும் படம் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. மூன்று வாள் துளைத்த இதயம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதற்குப் பின்னால் மேகமும் மழையும் போட்டது இவள்.

இனி, 1911-ல் இந்தப் படங்களுடன் வெய்ட் வெளியிட்ட விளக்க நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

ஐந்து காசுச் சீட்டில் பனி கொட்டுகிறது. கிழிந்த உடையில் ஒரு பெண், கட்டைக்கோல் ஊன்றி நொண்டுகிற ஒரு ஆண். தலைக்கு மேல் வண்ணக் கண்ணாடி ஜன்னல் உள்வெளிச்சத்தில் ஜொலிக்கிறது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவு எங்கே? படத்தில் கதவே இல்லை! உள்ளே வெளிச்சம் இருக்கிறது, நுழைய வழி இல்லை. இத்தனை சின்ன இடத்தில் வறுமையைப் பற்றி இதைவிட அதிகம் சொல்ல நல்ல சிறுகதைக்காரனாலும் முடியாது. வெய்ட் என்ன எழுதுகிறார்? பணக் கஷ்டம் என்று சொல்லிவிட்டு, சில ஆரூடக்காரர்கள் இதைக் காதலர் சீட்டாகக் கொள்கிறார்கள் என்றும் எழுதி, இந்த இரண்டு பொருளையும் இசைவிக்க முடியவில்லை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். எப்படி இசையும்? ஒன்று படத்தில் உள்ளது. மற்றொன்று படம் பிறப்பதற்கு முன்னால் எழுதிய பழைய ஜாபிதாவில் உள்ளது.

ஆறு வாள் இன்னும் வேடிக்கை. ஒரு படகு. ஓட்டுகிறவன் நின்றபடி கோல் ஊன்றுகிறான். முன்னால் முக்காடிட்டுக் குனிந்த ஒரு பெண்ணும் அவளோடு ஒட்டிக்கொண்டு ஒரு குழந்தையும். படகின் முன்பக்கத்தில் ஆறு வாள் குத்தி நிற்கின்றன. ஒரு பக்கம் நீர் அலைகிறது. மறுபக்கம் அசையாமல் கிடக்கிறது. மூன்று பேருக்கும் முகம் இல்லை, முதுகுதான் தெரிகிறது. இதற்கு வெய்ட் எழுதிய குறிப்பின் சாரம்: படகோட்டி பிரயாணிகளை அக்கரைக்குக் கொண்டுபோகிறான், வழி சீராக இருக்கிறது, பாரம் லேசானது, வேலை அவன் சக்திக்கு மீறியதல்ல. அந்தப் பெண்ணின் குனிந்த தலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. குழந்தை என்ற பேச்சே இல்லை. பாரம் லேசாம்! இதே சீட்டு தலைகீழாய் விழுந்தால், ஒரு கணக்குப்படி, காதல் விண்ணப்பம் என்றும் போட்டிருக்கிறார்.

ஒரு பக்கமாகப் பேசக்கூடாது. ஐந்து கிண்ணத்தில் வெய்ட் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். கறுப்புப் போர்வை போர்த்த ஒருவன் கவிழ்ந்த மூன்று கிண்ணங்களைப் பார்த்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. போனது மூன்று, மிஞ்சியது இரண்டு என்று அவர் சொல்வது படத்தோடு பொருந்துகிறது. துருப்புச் சீட்டுகளில் அவருடைய படிப்பு நன்றாகவே உதவியிருக்கிறது. மரணம் என்ற சீட்டில், குதிரைமேல் வரும் எலும்புக்கூட்டின் காலடியில் அரசன் விழுந்துகிடக்கிறான், மதகுரு கைகூப்புகிறார், கன்னிப்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழந்தை மட்டும் நேராய்ப் பார்க்கிறது. இந்த ஏற்பாட்டில் அவர் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1938-ல் வெளியான சுயசரிதையில், பெண் பூசாரி, பேதை, தலைகீழாய்த் தொங்குகிறவன் ஆகிய சீட்டுகளுக்கு அவளுக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல் புகட்ட வேண்டியிருந்தது என்ற பொருள்பட எழுதிவைத்தார். மிச்சமுள்ள ஐம்பத்தாறை அவள் பெரும்பாலும் தன் போக்கில்தான் வரைந்தாள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். படித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. புகட்டாமல் விட்ட இடத்தில்தான் அவளுடைய உயிர் இருக்கிறது.

பெரிய எழுத்தாளர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1922-ல் வந்த தம் 'பாழ்நிலம்' கவிதையில் டி. எஸ். எலியட் ஒரு சீட்டுக்காரியைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டின் சரியான அமைப்புத் தமக்குத் தெரியாது, வசதிப்படி மாற்றிக்கொண்டேன் என்று குறிப்பிலேயே சொல்லிவிட்டார். அகராதி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தொங்குகிறவனின் உருவம் வேண்டியிருந்தது. இத்தாலிய நாவலாசிரியர் இதாலோ கால்வினோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1973-ல் முழு நூலாய் வெளிவந்த அவர் நாவலில், காட்டு வழியே வந்து ஒரு கோட்டையில் ஒதுங்கிய பிரயாணிகளுக்குப் பேச்சு போய்விடுகிறது. மேஜையில் கிடக்கும் டாரட் சீட்டுகளை வரிசைப்படுத்தியே தத்தம் கதையைச் சொல்கிறார்கள். ஒருவன் கதையில் ஒரு பொருள் தந்த சீட்டு, குறுக்கே போகும் இன்னொருவன் கதையில் வேறு பொருள் தருகிறது. சொல்லுக்கு இடத்தைப் பொறுத்துத்தான் பொருள் என்பது வாக்கியம் எழுதுகிற எவனுக்கும் தெரிந்ததே. ஆறு வாள் என்றால் பிரயாணம் என்று மனப்பாடம் செய்வது அகராதியைக் கவிதை என்று வாசிப்பதற்குச் சமம்.

அப்படியானால் எப்படித்தான் பொருள் சொல்வது? எனக்குத் தெரிந்தது விமர்சன முறை ஒன்றுதான். முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: யார், எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், கையில் என்ன, காலடியில் என்ன. பிறகு பக்கத்துச் சீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து கிண்ணத்துக்காரன் எந்தச் சீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்பது ஒரு விஷயம். பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும், உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று என்று. படம் முடிகிற இடத்தில் நாமும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆறு வாளில் ஆறு வாரம் கிடையாது. படத்தில் இல்லாத தேதியைச் சொன்னவள் பெரிய பாவம் செய்யவில்லை, ஆசையினால்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தேதியை நம்பி வாசலில் நின்றவள் வேறொருத்தி.

கட்டைப் பேணுகிற விஷயத்துக்கு வருகிறேன். காகிதத்தைக் காகிதமாகப் பேணினால் போதும். உலர்ந்த கையால் தொட வேண்டும். வெயிலில் சாயம் வெளுக்கும். ஈரத்தில் அட்டை உப்பி வளையும். நிலாக்காய வைப்பதாகச் சொல்லிப் பனியில் வைத்தால் நிலவு செய்வது ஒன்றுமில்லை, பனி செய்வது நிறைய. சிலர் கட்டைச் சுத்தி செய்கிறோம் என்று உப்புக்குள் புதைக்கிறார்களாம். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது ஊறுகாய் போட்ட எந்தப் பாட்டிக்கும் தெரியும். ரப்பர் வளையம் போட்டால் ஓரம் வெட்டுப்படும். ஆட்டச் சீட்டைவிடப் பெரியதாகையால் இரண்டு பாதியாய் வளைத்துச் சடசடவென்று கலைப்பது ஆகாது. துணி விரித்த மேஜையில் பரப்பிக் கையால் கலைப்பது நல்லது. பட்டில் சுற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். வழவழப்பான துணி, தூசி அண்டாது, ஓரம் தேயாது. எடுத்து வைக்கும்போது எண்ணி வைக்க வேண்டும். மிலான் பிரபுக்களுக்காகப் பொன் ரேக்கு ஒட்டித் தீட்டிய விஸ்கோந்தி-ஸ்போர்ஸாக் கட்டு, இருப்பவற்றில் மிகப் பழையவைகளில் ஒன்று. அதில் இன்று எழுபத்துநான்குதான் உண்டு. சைத்தான், கோபுரம், மூன்று வாள், காசுக் குதிரைவீரன் ஆகிய நான்கும் இல்லை. மிஞ்சியவை நியூயார்க்கிலும் பெர்காமோவிலுமாகப் பிரிந்துகிடக்கின்றன. அவற்றில் மேற்புறம் ஆணி அடித்த துளை தெரிகிறது. யாரோ சுவரில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

பேணுவது என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பமேலா இந்த வேலையை முடித்த 1909 நவம்பரில், நியூயார்க்கில் தன் படங்களைக் காட்சிக்கு வைத்த ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பெரிய வேலை, கிடைத்த காசோ சொற்பம் என்பது அதில் ஒரு செய்தி. பிறகு கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தாள். கார்ன்வால் கடற்கரையில் போய் இருந்தாள். 1951 செப்டம்பரில், ப்யூட் என்ற சிற்றூரில், கடனோடு இறந்தாள். கடனை அடைக்க அவள் உடைமைகள் ஏலம் போயின. புதைத்த இடத்தில் அடையாளம் இல்லை. அவள் வரைந்த சீட்டுகளோ லட்சக்கணக்கான வீடுகளில் பட்டுத்துணிக்குள் தூங்குகின்றன. ஐந்து காசுச் சீட்டைப் பார்க்கும்போது இது எனக்கு நினைவு வராமல் இருப்பதில்லை. இதை ஆரூடம் என்று சொல்லிவிடாதீர்கள். ஏழைக் கலைஞர்கள் தமக்குத் தெரிந்த பனியைத்தான் வரைகிறார்கள்.

பெண் ஊரிலிருந்து திரும்பியதும் நான் கட்டைத் தொட்டதை ஒப்புக்கொண்டேன். முகம் சுருங்கிற்று. "சித்தப்பா, எழுபத்தெட்டையுமா?" என்று கேட்டாள். "எழுபத்தெட்டையும். எண்ணித்தான் வைத்திருக்கிறேன்" என்றேன். பிறகு ஆறு வாளை எடுத்து இருவரும் வெகு நேரம் பார்த்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை.

சில நாள் கழித்து, வாங்கிப்போன பாத்திரம் ஒன்றைத் திருப்பித் தர மாமி வந்தாள். வாசலோடு போய்விட இருந்தவளைப் பெண் உள்ளே கூப்பிட்டாள். "மாமி, அன்னிக்கு நான் புஸ்தகத்தைப் பார்த்து ஏதோ சொல்லிட்டேன். தப்பு. இதிலே என்ன தெரியறதுன்னு நீங்களே பாருங்கோ" என்று சீட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். பாத்திரம் தேய்த்த ஈரம் காயாத கை. பெண் அதைக் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெகு நேரம் பார்த்தாள். "எல்லாரும் முதுகைன்னா காட்டிண்டு போறா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்போ கரையிலே நிக்கறது நாமதானே?" என்றாள்.

நான் ஒரு வாரம் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. வெய்டுக்கும் தோன்றவில்லை. படகில் இருப்பவர்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். படத்தைப் பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்று கேட்கவில்லை.

பிள்ளை கிளம்பிய அன்று தான் வாசலுக்குக்கூட வரவில்லை என்று மாமி அப்புறம் சொன்னாள். முதல் நாள் ராத்திரி ஏதோ வார்த்தை தடித்துவிட்டதாம். அது என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவன் வருவானா என்று மறுபடி அவள் கேட்கவும் இல்லை. விலாசம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறது என்றாள்.

அவள் போன பிறகு பெண் சீட்டைத் துணியால் ஒற்றி, எண்ணிப் பார்த்துப் பட்டில் சுற்றினாள். பெட்டியைப் பீரோவில் வைத்தாள். பூட்டினாளா என்று நான் கவனிக்கவில்லை.